சட்டம் முடித்தாயிற்று: சீனியரா, ஃபர்மா, கம்பெனியா, நீதிபதி அறையா?

கடைசி செமஸ்டர் முடிந்து ரிசல்ட் வருவதற்குள் என்னிடம் இன்டர்ன்ஷிப் செய்துவிட்டுப் போன பிள்ளைகளிடமிருந்து போன் வர ஆரம்பித்துவிடும். "சார், ஹைகோர்ட்டில் ஒரு சீனியர் வரச் சொல்லியிருக்கிறார். ஒரு கம்பெனியிலும் கூப்பிடுகிறார்கள். எதற்குப் போகட்டும்?" அடுத்த நாள் அப்பா பேசுவார். அவருக்குத் தெரியவேண்டியது எங்கே எவ்வளவு தருகிறார்கள் என்பதுதான். நியாயமான கேள்வி, தப்பு சொல்ல மாட்டேன். ஆனால் நான் திருப்பிக் கேட்பது வேறு. நாலு வருடம் கழித்து மனசு மாறினால் அந்த இடத்திலிருந்து எதை எடுத்துக்கொண்டு வெளியே வர முடியும்?

தமிழ்நாட்டில் இப்போது சட்டம் முடித்து வருபவர்களை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். அப்பாவோ மாமாவோ வக்கீலாக இருப்பவர்களுக்கு இது அவ்வளவாகத் தேவைப்படாது. வீட்டில் முதல் வக்கீல் நீங்கள்தான் என்றால் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

எதை வைத்து அளப்பது

முதலாவது கைக்காசு. முதல் இரண்டு வருடம் வாடகை, பஸ், சாப்பாடு எல்லாம் எங்கிருந்து வரும் என்ற கணக்கு.

இரண்டாவது கைத்தொழில். ஒரு வருடம் முடியும்போது, பக்கத்தில் யாரும் இல்லாமல் தனியாக என்ன செய்ய வரும்? ஒரு இடைக்கால மனு எழுத வருமா, ஒரு சாட்சியை விசாரிக்க வருமா, ஒரு ஒப்பந்தத்தைப் படித்து எங்கே கண்ணி இருக்கிறது என்று சொல்ல வருமா?

மூன்றாவது, வருடக் கணக்கு, அதாவது எத்தனை வருடம் வழக்காடினீர்கள் என்ற கணக்கு. இதைத்தான் பலரும் கவனிப்பதில்லை, அதனால் சற்று விரிவாகச் சொல்கிறேன். சிவில் நீதிபதி தேர்வு எழுத மூன்று வருடம் வழக்காடியிருக்க வேண்டும் என்று 2025 மே 20 அன்று உச்ச நீதிமன்றம் அகில இந்திய நீதிபதிகள் சங்க வழக்கில் தீர்ப்புச் சொன்னது. புதிய விதி என்று சொல்ல முடியாது. 1993இல் வந்தது, 2002இல் போனது, இப்போது திரும்பியிருக்கிறது. அந்த மூன்று வருடம், பார் கவுன்சிலில் வக்கீலாகத் தற்காலிகப் பதிவு செய்த நாளிலிருந்தே ஓட ஆரம்பிக்கும், அதன் பிறகு எழுதும் அகில இந்திய பார் தேர்வைப் பாஸ் செய்த நாளிலிருந்து அல்ல. வழக்காடினீர்கள் என்பதற்குப் பத்து வருடமாவது அனுபவமுள்ள வழக்கறிஞர் சான்று தரவேண்டும், அதில் நீதித்துறை அதிகாரியின் ஒப்புதலும் வேண்டும். டிஎன்பிஎஸ்சி நடத்தும் அரசு உதவி வழக்கு நடத்துநர் வேலைக்கு ஐந்து வருடம் குற்றவியல் கோர்ட்டில் வழக்காடியிருக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறார்கள். மாவட்ட நீதிபதியாக நேரடியாக வருவதற்கு அரசியல் சாசனத்தின் 233ஆவது பிரிவே ஏழு வருடம் கேட்கிறது.

ஆக, இந்தத் தொழிலில் வருடம் என்பது ஒருவிதச் சேமிப்பு. சில வேலைகளில் அது சேரும். சிலவற்றில் சம்பளம் சேரும், வருடம் சேராது.

நாலாவது, திரும்பும் வழி. பிடிக்கவில்லை என்றால் எவ்வளவு சுலபமாக இடம் மாறலாம் என்பது.

அவசரத்தில் இருப்பவர்களுக்காக ஒரு அட்டவணை. இதை மட்டும் பார்த்து முடிவெடுத்துவிடாதீர்கள்.

| வழி | முதல் வருடக் கைக்காசு | கைத்தொழில் | வருடக் கணக்கு | திரும்பும் வழி |
|---|---|---|---|---|
| சீனியரிடம் ஜூனியர் | குறைவு, சில இடங்களில் ஒன்றுமே இல்லை | சீனியரைப் பொறுத்தது | முழுதாக ஓடும் | எல்லாப் பக்கமும் திறந்திருக்கும் |
| லா ஃபர்ம் | நன்றாக இருக்கும் | எழுத்து வேலை பலமாகும் | ஒப்பந்தத்தைப் பொறுத்தது | கம்பெனிக்கு எளிது, விசாரணைக் கோர்ட்டுக்குக் கடினம் |
| கம்பெனி, வங்கி | மாதா மாதம் உறுதி | ஒரே துறையில் ஆழம் | நின்றுவிடும் | கோர்ட்டுக்கு வந்தால் ஆரம்பத்திலிருந்து |
| நீதிபதியின் சட்ட உதவியாளர் | நடுத்தரம் அல்லது நன்று | தீர்ப்பு எழுதும் கண் | சிவில் நீதிபதி தேர்வுக்குச் சேரும் | நன்றாகத் திறந்திருக்கும், காலம் குறுகியது |

சீனியரிடம் சேர்வது

நான் சேர்ந்த முதல் மாதக் கடைசியில் ஒரு கவர் வந்தது, உள்ளே 3,000 ரூபாய். அதற்குப் பெயர் சம்பளம் இல்லை, 'கன்வேயன்ஸ்', அதாவது போக்குவரத்துச் செலவு. மூன்றாவது மாதம் கவர் வரவில்லை. கேட்க வாய் வரவில்லை. அந்தக் காலம் போய்விட்டது என்று முழுதாகச் சொல்ல முடியாது, ஆனால் கேட்பதற்கு இப்போது கையில் ஒரு காகிதம் இருக்கிறது. 2024 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம், சென்னை, மதுரை, கோவையில் ஜூனியர்களுக்கு மாதம் 20,000 ரூபாயும் மற்ற மாவட்டங்களில் 15,000 ரூபாயும் குறையாமல் தரவேண்டும் என்று சுற்றறிக்கை விடும்படி தமிழ்நாடு பார் கவுன்சிலுக்கு உத்தரவிட்டது. அதே வருடம் அக்டோபரில் அகில இந்திய பார் கவுன்சிலும் நகரத்துக்கு 20,000, கிராமப்புறத்துக்கு 15,000 என்று பரிந்துரை செய்தது. எல்லா சேம்பரிலும் இது நடக்கிறதா என்றால், இல்லை. சேர்வதற்கு முன்பே மரியாதையாக, நேராகக் கேட்டுவிடுவது நல்லது. "சார், மாதம் எவ்வளவு எதிர்பார்க்கலாம்?" என்று கேட்டதற்காகக் கோபப்படும் சீனியர் பின்னாலும் கோபப்படுவார். இப்போதே தெரிந்துகொள்வது லாபம்.

கண்ணுக்குத் தெரியாத செலவுகள் இந்த வழியில்தான் அதிகம். கவுன், கழுத்தில் கட்டும் வெள்ளை பேண்ட், கறுப்பு கோட், வெயிலில் அந்தக் கோட்டோடு அலைச்சல், சட்டப் புத்தகங்கள், சங்க சந்தா. சீனியரின் சொந்த வேலைகள் கூடச் சேர்ந்துகொள்ளும்: மின் கட்டணம், ஆடிட்டர் வீட்டுக்குப் போவது. ஒன்றிரண்டு முறை என்றால் சரி, விடுங்கள். மாதக்கணக்கில் அதுவே வேலை என்றால் கிளம்பிவிடலாம். பதிவுச் செலவு மட்டும் குறைந்திருக்கிறது. உச்ச நீதிமன்றத்தின் 2024 ஜூலை 30 தீர்ப்புக்குப் பிறகு வழக்கறிஞர்கள் சட்டத்தின் 24ஆவது பிரிவில் உள்ளதற்கு மேல் பார் கவுன்சில் பதிவுக் கட்டணம் வாங்க முடியாது. பொதுப்பிரிவுக்கு 750 ரூபாய், எஸ்சி, எஸ்டி பிரிவினருக்கு 125 ரூபாய். முத்திரைத்தாள் செலவு தனி.

ஒரு சீனியரின் தரத்தைப் பணம் கேட்காமலே தெரிந்துகொள்ள ஒரு வழி உண்டு. ஈ-கோர்ட்ஸ் தளத்தில் வழக்கறிஞர் பெயரை வைத்துத் தேடலாம். அவர் பெயரில் எத்தனை வழக்கு, எந்த மாதிரி வழக்கு, எவ்வளவு பழையது என்று அரை மணி நேரத்தில் தெரிந்துவிடும். செக் மோசடி வழக்கு மட்டுமே நடத்துபவரிடம் போய்ச் சேர்ந்துவிட்டு, ரிட் (அரசின் செயலை எதிர்த்து ஹைகோர்ட்டில் போடும் மனு) கற்றுத்தரவில்லை என்று வருத்தப்படுவதில் அர்த்தமில்லை. அப்புறம், அங்கே இப்போது ஜூனியராக இருப்பவரிடம் தனியாகப் பேசுங்கள். பெண்கள் கட்டாயம் அங்கே வேலை செய்யும் அல்லது செய்துவிட்டுப் போன ஒரு பெண்ணிடம் பேசிவிட்டுத்தான் சேரவேண்டும். மாலைக் கன்சல்டேஷன் எத்தனை மணிக்கு முடிகிறது, அந்த நேரத்தில் அலுவலகத்தில் வேறு யார் இருப்பார்கள் என்பதெல்லாம் கேட்கத் தயங்கவேண்டிய கேள்விகள் அல்ல.

இந்த வழிக்குள்ளேயே இன்னொரு குழப்பம் இருக்கிறது: ஹைகோர்ட்டா, முஃபசல் எனப்படும் மாவட்ட, தாலுகா கோர்ட்டா? கேட்டால் பத்தில் ஒன்பது பேர் ஹைகோர்ட் என்பார்கள். தம்புச்செட்டித் தெருவில் ஒரு சேம்பர் என்று சொல்லிக்கொள்ள நன்றாகத்தான் இருக்கும். ஆனால் ஹைகோர்ட்டில் முதல் இரண்டு வருடம் பெரும்பாலும் காஸ் லிஸ்ட் (அன்றைய வழக்குப் பட்டியல்) பார்ப்பது, பாஸ் ஓவர் (வழக்கைச் சற்றுப் பிறகு கூப்பிடும்படி) கேட்பது, குறை சொல்லித் திரும்பி வந்த வழக்குக் கட்டைச் சரிசெய்து மறுபடி போடுவது. சாட்சிக் கூண்டுப் பக்கமே போகாமல் ஐந்து வருடம் ஓட்டியவர்களைப் பார்த்திருக்கிறேன். மாவட்ட கோர்ட்டில் ஆறாவது மாதமே ஒரு சின்ன வழக்கில் சாட்சியை நிறுத்தி முதல் விசாரணை (நம் தரப்புச் சாட்சியிடம் நாமே கேள்வி கேட்பது) செய்ய விட்டுவிடுவார்கள். அங்கே சாட்சியம் தமிழில், பிராது பெரும்பாலும் தமிழில். சிவில் நீதிபதி முதன்மைத் தேர்வில் மொழிபெயர்ப்புக்கென்றே ஒரு தாள் இருக்கிறது. வாக்குமூலத்தையும் பத்திரத்தையும் இரண்டு மொழிக்கும் மாற்றவேண்டும். 'சுவாதீனம்', 'அனுபோக பாத்தியதை', 'ஷரத்து' போன்ற பத்திரச் சொற்கள் எல்லாம் தினமும் காதில் விழும் இடத்தில் இருந்தவருக்கு அந்தத் தாள் பயமுறுத்தாது. என் கருத்து இதுதான்: எழுத்திலும் ஆங்கிலத்திலும் நம்பிக்கை இருந்து, மேல்முறையீடு, ரிட், கம்பெனி வழக்கு என்று மனம் போனால் ஹைகோர்ட். வழக்கு நடத்தும் வக்கீலாகவோ நீதிபதியாகவோ ஆக ஆசை என்றால், முதல் இரண்டு வருடமாவது சொந்த ஜில்லாவில் இருங்கள். வீட்டுச் சாப்பாடு, வாடகை இல்லை. அந்த மிச்சம் மாதம் எட்டுப் பத்தாயிரம் ஸ்டைபெண்டுக்குச் சமம்.

லா ஃபர்ம்

பல வக்கீல்கள் சேர்ந்து நடத்தும் நிறுவனம்தான் லா ஃபர்ம். பணம் இங்கே இருக்கிறது, மறைக்க ஒன்றுமில்லை. சீனியரிடம் ஜூனியர் வாங்குவதைப் போலப் பல மடங்கு முதல் மாதமே வரும். பெரிய ஃபர்ம்கள் மும்பை, டெல்லி, பெங்களூரில் குவிந்திருக்கின்றன. சென்னை அலுவலகங்கள் அளவில் சிறியவை, வருடத்துக்கு எடுக்கும் ஆட்களும் குறைவு. தேசிய சட்டப் பல்கலைக்கழகங்களில் வளாகத் தேர்விலேயே பாதி இடம் முடிந்துவிடும். அரசு சட்டக் கல்லூரிப் பிள்ளைக்கு வாசல் மூடியிருக்கிறது என்று அர்த்தமில்லை, வாசல் வேறு என்று அர்த்தம். அது இன்டர்ன்ஷிப். நாலாவது, ஐந்தாவது வருடத்தில் ஒரே ஃபர்மில் இரண்டு முறை போய் உட்கார்ந்து, வேலை கேட்டு வாங்கிச் செய்து, "இவரை எடுத்துக்கொள்ளலாம்" என்று ஒருவரைச் சொல்ல வைக்கவேண்டும்.

விண்ணப்பத்தைப் பற்றி ஒரு வார்த்தை. எனக்கு ஒருமுறை வந்த கடிதத்தில் "உங்கள் ஃபர்மின் வங்கித் துறைப் பணிகளால் ஈர்க்கப்பட்டு" என்று இருந்தது. என்னிடம் ஃபர்மும் இல்லை, வங்கித் துறையும் இல்லை. ஒரு பக்க சுயவிவரம் போதும். மூட் கோர்ட் எனும் மாதிரி நீதிமன்றப் போட்டிப் பரிசுகளை அடுக்குவதை விட, நீங்களே எழுதிய நாலு பக்கக் குறிப்பு ஒன்றை இணையுங்கள்: ஒரு உண்மையான சிக்கல், அதற்குச் சட்டம் என்ன, எந்தத் தீர்ப்பு எதிராக இருக்கிறது, அதை எப்படித் தாண்டுவது. எதிரான தீர்ப்பை மறைக்காமல் எழுதியவரை யாரும் தட்டிக்கழிக்க மாட்டார்கள்.

மறைந்திருக்கும் செலவு நேரம். இரவு பதினொரு மணிக்கு வரும் மின்னஞ்சலுக்குக் காலைக்குள் பதில் போகவேண்டும். அதையும் தாண்டி ஒன்று: ஒப்பந்தத்தில் உங்களுக்குத் தருவதைச் சம்பளம் என்று எழுதியிருக்கிறார்களா, தொழில்முறைக் கட்டணம் என்றா? டிடிஎஸ் எனும் வருமான வரிப் பிடித்தம் 10 சதவீதம் பிடிக்கிறார்கள் என்றால் பெரும்பாலும் இரண்டாவது வகை. அப்போது உங்கள் பதிவு உயிரோடு இருக்கும். ஆனால் மூன்று வருடம் ஒப்பந்தங்களை மட்டும் திருத்திவிட்டு, ஒரு வக்காலத்தில் (கட்சிக்காரர் தன் வக்கீலை நியமிக்கும் படிவம்) கூடப் பெயர் இல்லாமல் வழக்காடிய சான்று கேட்டால் யார் கையெழுத்துப் போடுவார்கள்? நீதிபதி ஆசை கொஞ்சமாவது இருந்தால் ஃபர்மின் வழக்குப் பிரிவைக் கேட்டு வாங்குங்கள். ஆசை இல்லை, நிறுவனங்களை வாங்கி விற்கும் வேலைதான் பிடிக்கும் என்றால் இதைப் பற்றிக் கவலையே வேண்டாம், இதை விட நல்ல பள்ளிக்கூடம் கிடையாது.

கம்பெனி அல்லது வங்கி

வங்கிகளுக்கு ஆள் எடுக்கும் அமைப்பான ஐபிபிஎஸ் நடத்தும் சட்ட அதிகாரி தேர்வில் பொதுத்துறை வங்கிகளுக்குப் போகலாம். சட்டப் பட்டத்தோடு பார் கவுன்சில் பதிவும் வேண்டும், வயது 20 முதல் 30 வரை, அடிப்படைச் சம்பளம் 48,480 ரூபாயில் ஆரம்பம், படிகள் தனி. சில பொதுத்துறை நிறுவனங்கள் முதுநிலை கிளாட் (சட்ட முதுகலை நுழைவுத் தேர்வு) மதிப்பெண்ணை வைத்து எடுக்கின்றன. தனியார் கம்பெனிகள் பெரும்பாலும் இரண்டு மூன்று வருடம் ஃபர்மில் இருந்தவரையே தேடும். புதிதாக வருபவருக்குக் கிடைப்பது பல நேரம் ஒப்பந்தங்களைக் கோப்பில் அடுக்கும் வேலை.

இதன் பெரிய விலை பார் கவுன்சில் விதி 49இல் இருக்கிறது. முழுநேரச் சம்பளத்துக்கு வேலை செய்பவர் வழக்கறிஞராகத் தொழில் செய்யக்கூடாது. வேலையில் சேர்ந்ததைப் பார் கவுன்சிலுக்குத் தெரிவித்து, தொழிலை நிறுத்திவைக்கவேண்டும். அன்றோடு வருடக் கணக்கும் நின்றுவிடும். தெரிவிக்காமல் இரண்டு பக்கமும் ஓட்டலாம் என்று யோசனை சொல்பவர்கள் உண்டு. பின்னால் ஏதாவது அரசுத் தேர்வில் சான்றிதழ் சரிபார்ப்பின்போது பி.எஃப். கணக்கும் வழக்காடிய சான்றும் ஒரே தேதியில் வந்து நிற்கும். என் நண்பர் ஒருவர் ஒழுங்காக நிறுத்திவைத்துவிட்டு ஆறு வருடம் கம்பெனியில் இருந்தார். 31 வயதில் திரும்பி வந்தபோது, 23 வயதுப் பையன்கள் வரிசையில் அவரும் வாய்தா வாங்க நின்றார். சட்ட அறிவில் குறையில்லை, கோர்ட் நடைமுறைதான் மறந்திருந்தது.

ஆனாலும் வீட்டில் கல்விக் கடன் தவணை நிற்கிறது, அப்பா ஓய்வு பெறப் போகிறார், தங்கைக்குப் படிப்பு பாக்கி என்ற நிலையில் இருப்பவரிடம் "தொழில்தான் முக்கியம்" என்று பேசுவது சுலபம். அவருக்கு வங்கி வேலை சரியான முடிவு. அங்கே கடன் வசூல், சர்ஃபேசி (கடன் கட்டாதவரின் அடமானச் சொத்தை வங்கி கைப்பற்ற வழிசெய்யும் சட்டம்), திவால் சட்டம் எல்லாம் ஆழமாகப் பழகும். பத்து வருடம் கழித்து அதையே தொழிலாகச் செய்பவர்களும் இருக்கிறார்கள்.

நீதிபதியிடம் சட்ட உதவியாளர்

நாலு வழியிலும் அதிகம் பேர் மறந்துபோவது இது. சம்பளமும் வந்து, சிவில் நீதிபதி தேர்வுக்கான வருடமும் ஓடும் மேசை வேலை இது. 2025 தீர்ப்பிலேயே சட்ட உதவியாளராக இருந்த காலத்தையும் அனுபவமாகச் சேர்த்துக்கொள்ளலாம் என்று சொல்லியிருக்கிறார்கள். உச்ச நீதிமன்றத்தின் 2024 அறிவிப்பில் மாதம் 80,000 ரூபாய். அதற்குத் தனியாக எழுத்துத் தேர்வும் நேர்காணலும் உண்டு. உயர் நீதிமன்றத்தில் தொகை குறைவு, ஆனால் ஊர் மாறவேண்டாம்.

காலையில் வழக்குக் கட்டு வரும். படித்து இரண்டு பக்கத்தில் சுருக்கம் தரவேண்டும்: யார் என்ன கேட்கிறார்கள், கீழ்க் கோர்ட் என்ன சொன்னது, எந்தத் தீர்ப்பு பொருந்தும். பிறகு ஹாலில் உட்கார்ந்து, நாம் படித்த கட்டை நல்ல வக்கீல் எப்படி நாலு நிமிடத்தில் சொல்கிறார், கெட்ட வக்கீல் எப்படி நாற்பது நிமிடம் எடுக்கிறார் என்று பார்க்கலாம். நீதிபதிக்கு எது எரிச்சல் தருகிறது என்பதை அந்தப் பக்கத்திலிருந்து பார்த்தவர் பிறகு மனு எழுதும் விதமே வேறாக இருக்கும். குறை என்னவென்றால் இது ஒரு வருடம், நீட்டித்தால் இரண்டு வருடம். வாய் திறந்து ஒரு நாளும் வாதாட முடியாது. முடிந்து வெளியே வரும்போது கட்சிக்காரர் ஒருவரும் இருக்க மாட்டார். வாயைத் திறக்கக் கூச்சப்படும், ஆனால் படிக்கவும் எழுதவும் பிடித்த பிள்ளைக்கு முதல் வருடத்துக்கு இதை விட நல்லது சொல்ல மாட்டேன்.

தேர்வுக்கு மட்டும் படிப்பது

"வேறெங்கும் சேராமல் கோச்சிங் போய் சிவில் ஜட்ஜ் எழுதுகிறேன்" என்பது முன்பு ஒரு தனி வழியாக இருந்தது. ஆரம்பச் சம்பளம் 77,840 ரூபாய், மரியாதையான வேலை, ஆசைப்படுவது இயல்பு. 2023இல் டிஎன்பிஎஸ்சி 245 இடங்களுக்கு அறிவிப்பு விட்டது. ஆனால் மூன்று வருட விதிக்குப் பிறகு வீட்டில் உட்கார்ந்து படிப்பதால் வருடம் ஓடாது. பதிவு செய்துவிட்டு, கறுப்பு கோட் மாட்டாமல் கோச்சிங்கில் மட்டும் இருப்பவர் யாரிடம் சான்று வாங்குவார்? விதி மாறிக்கொண்டே இருக்கும் விஷயம் என்பதால், அறிவிப்பு வெளியாகும் அன்று தகுதிப் பகுதியை நீங்களே வரிக்கு வரி படியுங்கள், வாட்ஸப்பில் வருவதை நம்பவேண்டாம்.

நீதிபதி ஆசை உள்ளவருக்கு நான் சொல்லும் வரிசை இது. ரிசல்ட் வந்த உடனே பதிவு. ஒரு மாதம் தள்ளினால் ஒரு மாதம் நஷ்டம். அகில இந்திய பார் தேர்வை முதல் வாய்ப்பிலேயே முடித்துவிடுங்கள். இரண்டு வருடத்துக்குள் பாஸ் செய்யாவிட்டால் தொழில் செய்ய முடியாமல் போகும். முதல் வருடம் சட்ட உதவியாளர் வேலை கிடைத்தால் அது, இல்லையென்றால் மாவட்ட கோர்ட். அடுத்த இரண்டு வருடம் சிவில், கிரிமினல் இரண்டும் நடத்தும் ஒரு சீனியர். காலை ஐந்திலிருந்து ஏழு வரை படிப்பு. 2024 ஜூலை முதல் புதிய குற்றவியல் சட்டங்கள் நடப்பில் இருந்தாலும், பழைய வழக்குகள் ஓடும்வரை இந்தியத் தண்டனைச் சட்டத்தையும் மறக்க முடியாது.

எந்த வழியில் போனாலும், கோர்ட்டில் நிற்கும் முதல் நாளிலிருந்து ஒரு டைரி போடுங்கள். தேதி, வழக்கு எண், எந்தக் கோர்ட், என்ன நடந்தது. "வக்காலத்தில் என் பெயரையும் சேர்த்துக்கொள்ளலாமா சார்?" என்று சேரும்போதே கேளுங்கள். மறுக்கும் சீனியர்கள் உண்டு. அப்படியானால் ஆஜரானதாக உத்தரவில் பெயர் பதிவாகும் நாட்களையாவது நகல் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மூன்று வருடம் கழித்துச் சான்று கேட்டு அதே சீனியரிடம் போய் நிற்கும்போது, ஞாபகத்திலிருந்து எழுதச் சொல்லாமல் அந்த நோட்டை மேசை மேல் வைக்கலாம்.